ஊர்க் குட்டையை ஊராட்சித் திட்டத்தில் ஏற்றுவது எப்படி: இரண்டு வருடம் அலைந்தவன் எழுதும் வழிகாட்டி

காங்கயத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் சிற்றூரில் இரண்டு ஏக்கர் குட்டை ஒன்று உண்டு. அதைத் தூர்வாரி, தண்ணீர் வரும் வழியைத் திறந்து, கரையில் நாலு மரம் வைக்க எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. மண் வேலை நடந்தது மொத்தம் ஐந்து வாரம்தான். மீதி நாளெல்லாம் எந்த ஆபீசில் எந்தக் காகிதம் என்று தெரியாமல் போனவை.

முதல் தடவை 2023 ஜனவரி 26 கிராம சபைக்கு "காலநிலை மாற்றத்தைத் தாங்கும் கிராமம்" என்று தலைப்புப் போட்டு எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ஒரு பெரியவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இது எந்த இலாகாவுல வருதுங்?" என்று கேட்டார். பதில் இல்லை. கடைசியில் தீர்மானப் புத்தகத்தில் "குளம் தூர்வார ஏற்பாடு செய்யலாம்" என்று ஒரு வரி ஏறியது. எந்தக் குளம், எந்த சர்வே எண், எவ்வளவு வேலை, எதுவும் கிடையாது. அந்த வரியை வைத்துக்கொண்டு ஒன்றிய ஆபீசில் ஒரு டீ கூட வாங்க முடியாது என்பது ஆறு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

கோடை நீள்கிறது, மழை வந்தால் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிறது, போர்வெல் ஆயிரம் அடிக்கு இறங்கியும் புகைதான் வருகிறது. இதற்கு மாநில அளவில் இயக்கங்கள் இருக்கின்றன, இருக்கட்டும். உங்கள் ஊருக்கு அது வந்து சேரும் வாசல், வருடாவருடம் செய்ய வேண்டிய வேலைகளை ஊராட்சி பட்டியலிடும் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சர்வே எண்ணோடு ஏறும் ஒரு வரி. அதை ஏற்றுவதற்கான வழிதான் கீழே இருப்பது.

1. உங்கள் ஓட்டு எந்த ஊரில் இருக்கிறது?

சிரிக்காதீர்கள், நான் விழுந்த முதல் குழி இதுதான். கிராம சபை என்பது அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் சபை. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த காலத்தில் ஓட்டை அங்கே மாற்றியிருந்தேன். தோட்டம் ஊரில், வீடு ஊரில், ஓட்டு மட்டும் வேலம்பாளையத்தில். "நீங்க இந்த ஊரு ஓட்டரே இல்லீங்களே" என்று ஒருவர் சபையிலேயே சொன்னபோது உட்கார்ந்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பியவர்கள் படிவம் 8 போட்டு முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள், செலவு இல்லை. அதுவரை வீட்டில் ஓட்டுள்ள அம்மாவோ மனைவியோ மனுவில் முதல் கையெழுத்துப் போடட்டும். எங்கள் மனுவில் அம்மா பெயர்தான் முதலில்.

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் இருப்பவர்களுக்கு வழி வேறு. அங்கே வார்டு கமிட்டியும் பகுதி சபையும் உண்டு. 2, 3, 10, 11 ஆகிய பகுதிகள் அவர்களுக்கும் பொருந்தும், மற்றவை ஊராட்சிக்காரர்களுக்கு.

2. குட்டை யாருடையது என்று காகிதத்தில் பாருங்கள்

ஊர்க்காரர்கள் எல்லோரும் "நம்ம குட்டை" என்பார்கள். ஆபீசில் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள ஏரி, குளம் நீர்வளத் துறையிடம் (பழைய பொதுப்பணித் துறை) இருக்கும். அதற்குக் கீழே உள்ள பாசனக் குளங்கள் ஊராட்சி ஒன்றியத்திடம். ஊருணி, குட்டை எல்லாம் கிராம ஊராட்சியிடம். சிலது கோயில் நிலமாகவும் இருக்கும். தவறான ஆபீசுக்கு மனு போட்டால் "எங்களுடையது அல்ல" என்று ஒரு பதில் வரவே இரண்டு மாதம் ஆகும்.

எடுக்க வேண்டியவை:

'அ' பதிவேட்டு நகல். eservices என்று தேடினால் வரும் தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் இலவசமாகவே பார்க்கலாம். வகைப்பாடு என்ற இடத்தில் 'குட்டை' என்று இருக்கிறதா, 'தரிசு', 'மேய்க்கால்', 'வண்டிப்பாதை' என்று இருக்கிறதா பாருங்கள்.

புலப்படம். இதை எல்லோரும் எப்.எம்.பி. என்றுதான் சொல்வார்கள். குட்டைக்கு மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர் வரும் வழியில் இருக்கும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எடுங்கள்.

கிராம வரைபடம். வி.ஏ.ஓ.விடம் பார்த்து போன் படம் எடுத்துக்கொள்ளலாம். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள்.

எங்கள் குட்டையில் கால் ஏக்கர் 'வண்டிப்பாதை' என்று இருந்தது. ஒரு காலத்தில் இட்டேரி, அதாவது இரண்டு பக்கமும் வேலி உள்ள வண்டித்தடம், போன இடம். அந்தக் கால் ஏக்கரை மனுவில் சேர்த்துக் கேட்டிருந்தால் மொத்த வேலையும் அங்கேயே நின்றிருக்கும். அதை விட்டுவிட்டுக் கேட்டோம். பெருந்தன்மை ஒன்றுமில்லை, வேறு வழி இல்லை.

கோவையைச் சுற்றி இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. 2041ஆம் ஆண்டை இலக்கு வைத்துப் போட்ட கோவை முழுமைத் திட்டம் போன்ற நிலப்பயன்பாட்டு வரைபடங்களில் உங்கள் குட்டையின் சர்வே எண் நீர்நிலை என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, குடியிருப்பு நிறத்தில் கரைந்துவிட்டதா என்று பாருங்கள். நகர் ஊரமைப்புத் திட்ட வரைவு வெளியானால் ஆட்சேபம் சொல்லக் கால அவகாசம் உண்டு. அது தாண்டிய பிறகு கத்திப் பயனில்லை.

3. மழை பெய்யும்போது குடையோடு நடங்கள்

இதை யாரும் செய்வதில்லை. ஆனால் என்னைக் கேட்டால் பாதி வேலை இதுதான். நல்ல மழை ஒன்று அடிக்கும்போது குட்டையிலிருந்து மேட்டை நோக்கி நடங்கள். தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே திரும்பிவிடுகிறது என்று கண்ணால் தெரியும். எங்கள் ஊரில் வரத்துப் பள்ளம் (குட்டைக்குத் தண்ணீர் வரும் ஓடை) இரண்டு இடத்தில் அடைத்திருந்தது. ஒன்று, தார்ச்சாலையை உயர்த்தியபோது அடியில் குழாய் வைக்காமல் விட்டிருந்தார்கள். இன்னொன்று வீட்டுமனை சைட் போட்டவர்கள் சமன்படுத்திய இடம். குட்டையை முப்பது அடி தோண்டியிருந்தாலும் சொட்டுத் தண்ணீர் வந்திருக்காது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், மனுவில் இதையே எழுதலாம். இரண்டு ஏக்கரை மூன்றடி ஆழப்படுத்தினால் சுமார் 7,400 கனமீட்டர் மண் வெளியே போகும். ஒரு கனமீட்டருக்கு ஆயிரம் லிட்டர், ஆக 74 லட்சம் லிட்டர் கூடுதலாக நிற்க இடம். கரைச் சரிவு விடுவதால் கொஞ்சம் குறையும். சரி, அது நிறையுமா? உங்கள் குட்டைக்குத் தண்ணீர் தரும் மேட்டு நிலம் 50 ஏக்கர் என்று வையுங்கள். ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த நிலத்தில் விழுவது ஒரு கோடி லிட்டர். ஆனால் நம் கொறங்காட்டில் (மேய்ச்சல் காடு) கொழுக்கட்டைப் புல்லும் செம்மண்ணும் பெரும்பகுதியைக் குடித்துவிடும், குடிக்கட்டும், அதுவும் நல்லதுதான். பத்தில் ஒரு பங்கு ஓடி வந்தால் 10 லட்சம் லிட்டர். அப்படி ஏழெட்டு மழை வேண்டும். வழியில் இரண்டு இடத்தில் அடைப்பு இருந்தால்?

அதனால் ஆழத்துக்குச் செலவழிக்கும் காசில் பாதியை வரத்துக்குச் செலவழியுங்கள். ஜே.சி.பி. வைத்துத் தோண்டுவது போட்டோவுக்கு நன்றாக இருக்கும், பள்ளம் சுத்தம் செய்வது போட்டோவில் தெரியாது. அதனால்தான் எல்லோரும் தோண்டுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சாக்கடையோ சாயக்கழிவோ வந்து சேரும் குட்டையாக இருந்தால் முதலில் அதைத் திருப்பிவிடும் வேலையைக் கேளுங்கள். அழுக்குத் தண்ணீரை ஆழக் குழியில் தேக்கினால் பக்கத்துக் கிணறுகள்தான் பாழாகும். நொய்யல் கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது, தண்ணீர் வந்துவிடும் என்று சும்மா இருக்கவும் வேண்டாம். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 நீர்நிலைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உங்களுடையது அதில் இல்லை என்றால் மழைதான் கதி.

4. ஆபீஸ் பாஷையில் வேலைகளைப் பிரித்து எழுதுங்கள்

"குட்டையைச் சீரமைத்துத் தர வேண்டும்" என்று எழுதினால் மதிப்பீடு போட முடியாது. எங்கள் ஊராட்சிச் செயலர் ஒரு நாள் பொறுமையிழந்து, "சர்வே நம்பரும் அளவும் இல்லாம நான் எதைங்க ஏத்தறது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அன்றைக்கே அவரிடம் உட்கார்ந்து வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்தேன்: குட்டையில் வண்டல் அகற்றுதல், வரத்துவாய்க்கால் இத்தனை மீட்டர் சுத்தம் செய்தல், சாலைக்கு அடியில் குழாய்ப் பாலம் ஒன்று, கலிங்கு (நிறைந்த தண்ணீர் வெளியேறும் இடம்) பழுதுபார்த்தல், வரத்துவாயில் வண்டல் தங்கும் சிறு குழி, கரையில் மரம் நடுதல். ஒவ்வொன்றுக்கும் சர்வே எண், நீளம், அகலம்.

பிரித்து எழுதுவதில் இன்னொரு லாபம் உண்டு. ஒரே நிதியில் எல்லாம் நடக்காது. மண் வேலை ஒரு கணக்கில், கட்டுமானம் ஒரு கணக்கில், மரம் வேறு இலாகா. மொத்தமாக 20 லட்சத்துக்குக் கேட்டால் பயந்துவிடுவார்கள், துண்டாக ஒன்றரை லட்சம், மூன்று லட்சம் என்று கேட்டால் எங்காவது பொருந்தும்.

"காலநிலை" என்ற சொல்லை எங்கே போடுவது? மனுவின் கடைசிப் பத்தியில் போடுங்கள். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு இப்போது ஒன்பது கருப்பொருள்கள் வைத்திருக்கிறார்கள், அதில் தண்ணீர் தன்னிறைவு ஒன்று, தூய்மையும் பசுமையும் ஒன்று. உங்கள் வேலை எந்தக் கருப்பொருளில் வரும் என்று நீங்களே குறித்துக் கொடுத்தால் கணினியில் ஏற்றுபவருக்குச் சுலபம்.

5. தேதி தவறினால் ஒரு வருடம் போச்சு

தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் உங்களுக்கு முக்கியம் அக்டோபர் 2. அடுத்த நிதியாண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலை அன்றைக்குத் தொடங்கி ஜனவரிவாக்கில் முடியும். நான் ஜனவரி 26இல் மனு கொடுத்தேன், அதாவது பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு போய் உட்கார்ந்தேன்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் அன்றைக்கு நீர்நிலை பற்றிப் பேசினால் காது கொடுப்பார்கள். ஆகஸ்ட் 15இல் பேச்சைக் கிளப்பி வைக்கலாம். காகிதம் முழுதாக அக்டோபர் 2க்குத் தயாராக இருக்க வேண்டும், அப்படியானால் ஜூலையிலேயே நிலப் பதிவுகளை எடுக்கத் தொடங்குங்கள்.

இன்னொரு தேதி: தேர்தல். 2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது, நடத்தை விதி அமலுக்கு வந்தது, புதிய வேலை எதையும் தொடங்கக் கூடாது என்று எங்கள் குட்டை அப்படியே நின்றது. ஜூனில் விதி விலகியபோது தென்மேற்கு மழை. அந்த ஒரு காரணத்தால் எங்களுக்கு ஒரு கோடை முழுதாகப் போனது. தேர்தல் வரும் வருடமாக இருந்தால் மாசிக்குள் வேலை உத்தரவு கையில் வருமாறு பாருங்கள். உத்தரவு வந்து மண்ணில் கை வைத்துவிட்ட வேலையை நிறுத்துவதில்லை.

6. சபைக்கு முன்னால் பேச வேண்டியவர்கள்

மகளிர் குழு. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு தங்கள் பங்குக்கு ஒரு திட்டம் தயாரித்துக் கிராம சபையில் வைக்கிறார்கள், அது ஊராட்சித் திட்டத்தோடு சேர்கிறது. அதில் உங்கள் வரி இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அப்புறம், கூட்டத்துக்கு நேரத்துக்கு வருபவர்கள் அவர்கள்தான்.

குறைவெண் வரம்பு என்று ஒன்று உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். ஆள் குறைந்தால் கூட்டம் தள்ளிப்போகும்.

வரத்துப் பள்ளம் பட்டா நிலத்தில் போகிறது என்றால் அந்தத் தோட்டத்துக்காரரிடம் சபைக்கு முன்பே தனியாகப் போய்ப் பேசுங்கள். அவருடைய சம்மதம் எழுத்தில் வேண்டும். சபையில் நாலு பேர் முன்னால் கேட்டால் சம்மதிக்க நினைத்தவரும் வீம்புக்கு மறுப்பார். எங்களிடம் மறுத்தவர் ஒருவர், அவர் கிளுவை வேலிக்கு எந்தச் சேதமும் வராது என்று எழுதிக் கொடுத்ததும் ஒத்துக்கொண்டார். அவருக்கு அந்த வேலிதான் முக்கியம், நாங்கள் அவர் தண்ணீருக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

7. சபை நாள்

மனு இரண்டு பிரதி. ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். பேச மூன்று நிமிடம்தான் கிடைக்கும், கணக்கைப் படிக்காமல் "சாலைக்கு அடியில் குழாய் இல்லை, அதனால் தண்ணீர் வரவில்லை" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

தீர்மானம் எழுதும்போது பக்கத்தில் நில்லுங்கள். சர்வே எண், பரப்பு, வேலையின் பெயர், "2025–26 ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க" என்பதுபோல ஆண்டு, நாலும் அந்த வரியில் இருக்க வேண்டும். கூட்டம் முடிந்து வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள், அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். யாராவது முறைத்தால் முறைக்கட்டும்.

ஒரு விஷயம்: நம் பக்கத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஓடு முடிந்து நிர்வாகம் தனி அலுவலரிடம் போனது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் ஊருக்குள் முடிவெடுக்க ஆள் இருக்காது, ஒன்றிய ஆபீசுக்கே நேராகப் போக வேண்டும்.

8. ஒன்றிய ஆபீஸ்

இங்கே புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் ஏமாறும் இடம், பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஒருவர் அல்ல, இருவர். வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிக்கு ஒருவர். ஊராட்சிக் குட்டை என்றால் இரண்டாமவரைப் பாருங்கள். நான் மூன்று செவ்வாய்க்கிழமை தவறான அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து ஓவர்சியர் வந்து அளந்தால்தான் மதிப்பீடு, மதிப்பீடு வந்தால்தான் தொழில்நுட்ப அனுமதி, அதற்கு மேல் நிர்வாக அனுமதி. ஓவர்சியருக்குப் பல ஊர் இருக்கும், அவர் வரும் நாளில் நீங்கள் ஊரில் இருங்கள், நடந்து பார்த்த தடத்தில் அவரையும் நடத்திக் கூட்டிப்போங்கள். எங்கள் மதிப்பீட்டில் முதலில் குழாய்ப் பாலம் விட்டுப்போயிருந்தது. அவர் பைக்கில் கரைவரைக்கும் வந்து திரும்பியிருந்தார், அவ்வளவுதான் காரணம். இரண்டாம் தடவை காலை ஏழு மணிக்கே வெயில் ஏறுவதற்குள் கூட்டிப்போனோம்.

திட்டத்தில் உங்கள் வேலை ஏறிவிட்டதா என்பதை இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஏறவில்லை என்றால் பிப்ரவரிக்குள் கேளுங்கள், ஏப்ரலில் கேட்டு என்ன செய்வது.

9. பணம் எங்கிருந்து வரும்

பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில், 2021–26 காலத்துக்கு, 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது சொன்ன வேலைக்கு மட்டும் செலவழிக்க வேண்டியது. அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு, மறுபாதி சுகாதாரத்துக்கு. எங்கள் கலிங்கும் வண்டல் குழியும் இந்தத் தண்ணீர்ப் பங்கில்தான் நடந்தன. புதிய நிதிக்குழுக் காலத்தில் பங்கு எப்படி என்று ஒன்றிய ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரத்துவாய்க்கால் சுத்தம் செய்தது நூறு நாள் வேலையில். அதில் இயந்திரம் கூடாது, ஆள்தான். திட்டத்தின் பெயரும் விதியும் மாறிக்கொண்டிருக்கும் நேரம் இது, அதனால் போன வருடம் செய்தவர் சொன்னதை அப்படியே நம்பாமல் இந்த வருட விதியைக் கேளுங்கள்.

நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். வெளியூரில் தொழில் செய்யும் ஊர்க்காரர்கள் இருந்தால் சுலபம். ஆனால் ஒன்று: பணம் வசூலித்தவர் யார் என்பதில் ஊர் இரண்டாகும். வசூலைத் தனியாள் கணக்கில் போடாதீர்கள், ஒரு ரூபாயாக இருந்தாலும் ரசீது.

அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 2021–22 முதல் வருடாவருடம் ஒரு பகுதி ஊராட்சிகளை எடுத்து நீர்நிலை வேலை செய்தார்கள். உங்கள் ஊராட்சியில் அப்போது எந்தக் குட்டைக்குச் செலவானது என்று பாருங்கள். ஏற்கெனவே தூர்வாரியதாகக் கணக்கில் இருந்தால் மறுபடி பணம் கேட்க முடியாது. நேரில் பார்த்தால் தூர்வாரியதாகத் தெரியவில்லை என்றால் அது 12ஆம் பகுதிக்குரிய விஷயம்.

மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு ஆட்சியர்தான் தலைவர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். மனுவின் நகல் ஒன்றை இருவருக்கும் அனுப்புங்கள். எங்களுக்குப் பணம் வரவில்லை, மரக்கன்று வந்தது.

10. வண்டல் மண்: ஊருக்கே லாபம், கவனமும் வேண்டும்

தூர்வாரும் மண்ணை எங்கே கொட்டுவது என்பதுதான் மதிப்பீட்டில் பெரிய செலவு. அதை விவசாயிகள் எடுத்துக்கொண்டால் செலவே இல்லை. 2024 ஜூனிலிருந்து தாசில்தார் அனுமதியோடு வண்டலும் களிமண்ணும் இலவசமாக எடுக்கலாம், முன்பு இதற்குக் கலெக்டர் ஆபீஸ்வரை போக வேண்டியிருந்தது. விண்ணப்பம் இ-சேவை மூலம். அளவு: நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90, வீட்டு உபயோகத்துக்கு 30, மண்பாண்டம் செய்பவர்களுக்கு 60.

கணக்கு: மேலே சொன்ன 7,400 கனமீட்டரை எடுக்க 80 ஏக்கருக்கு மேல் புஞ்சைக்காரர்கள் வேண்டும். மூன்று யூனிட் டிப்பர் (ஒரு யூனிட் நூறு கன அடி) என்றால் 870 லோடு. ஆளுக்கு ஐந்து ஏக்கர் என்றால் 16, 17 பேர் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் ஆறு பேர்தான் வந்தார்கள். ஒருவர் காட்டில் கொட்டிய வண்டலில் மக்காச்சோளம் கருகருவென்று நின்றதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் வந்தார்கள்.

எடுக்கும் காலம் மாசி முதல் சித்திரை வரை. வைகாசியில் ஒரு கோடை மழை அடித்தால் டிப்பர் இறங்காது. ஏற்றுக்கூலியும் வண்டி வாடகையும் அவரவர் பொறுப்பு, எங்கள் பக்கம் ஜே.சி.பி. மணிக்கு 1,300 ரூபாய் ஆனது.

பொறிகள்: அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு லோடு போனாலும் வண்டி பிடிபடும், பேர் ஊருக்கே கெடும். அடியில் சரளையும் செம்மண்ணும் தென்பட்டதும் நிறுத்துங்கள், அதற்குக் கீழே எடுப்பது வண்டல் இல்லை, அதை விலைக்கு விற்க ஆள் காத்திருப்பார்கள். கரையை ஒட்டிச் செங்குத்தாக வெட்டக் கூடாது, சரிவு விடுங்கள், மாடு இறங்கித் தண்ணீர் குடிக்க வேண்டும், குழந்தை விழுந்தால் ஏற முடிய வேண்டும். எங்களில் இருவர் முறை வைத்து வண்டி வெளியே போகும் வழியில் உட்கார்ந்து லோடு எண்ணினோம். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

11. மரம்

சுத்தம் செய்கிறேன் என்று இருக்கும் மரத்தை வெட்டிவிடாதீர்கள். புறம்போக்கில் மரம் வெட்ட அனுமதி வேண்டும், ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு இருக்கிறது. சீமைக்கருவேலம் வேறு கதை, அதை வேரோடு எடுக்க வேண்டும், அடியில் அறுத்துவிட்டால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். ஆனால் இயந்திரக்காரருக்கு வெள்வேலும் ஒன்றுதான், சீமைக்கருவேலும் ஒன்றுதான். வெட்டக்கூடாத மரத்துக்கு முன்கூட்டியே சுண்ணாம்புப் பட்டை அடியுங்கள். ஒரு வெள்வேலை நாங்கள் அப்படித்தான் இழந்தோம்.

கன்று வனத்துறை நாற்றங்காலில் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தில் கிடைக்கும். ஐப்பசியில் நடுங்கள், ஜூன் 5ஆம் தேதி போட்டோவுக்காக நடாதீர்கள், ஆனி ஆடிக் காற்றில் நம் பக்கம் எதுவும் நிற்காது. வேம்பு, புங்கன், நாவல், வெள்வேல். கரையின் வெளிப்பக்கம் பனங்கொட்டை. இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் யார் என்று பெயர் எழுதி வைத்த பிறகு குழி எடுங்கள். நாங்கள் நட்ட 60இல் 41 இருக்கின்றன, போனதில் பெரும்பாலும் வெள்ளாடு.

12. நின்றுபோனால்

முதலில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது 1100க்குப் போன் செய்து பதியலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, பதிவுத் தபாலில், பொதுத் தகவல் அலுவலருக்கு. ஏன், எதற்கு என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். "இந்தத் தேதி கிராம சபைத் தீர்மானத்தின் நகல், இந்த சர்வே எண்ணில் நடந்த வேலைகளின் மதிப்பீடு, எம்-புக் (வேலையை அளந்து எழுதும் புத்தகம்) நகல்" என்று காகிதத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பக்கத்துக்கு 2 ரூபாய் நகல் கட்டணம். எங்களுக்குப் பதில் வந்ததைவிட, மனு போன பத்தாம் நாள் ஓவர்சியர் வந்ததுதான் பயன்.

வரத்துப் பள்ளம் ஆக்கிரமிப்பு என்றால் தாசில்தாரிடம் சர்வேயர் அளவீடு கேளுங்கள். 1905ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் முதலில் 7ஆம் பிரிவு அறிவிப்பு, பிறகு 6ஆம் பிரிவு. மாதக்கணக்கில் ஆகும். அதற்காகக் குட்டை வேலையை நிறுத்தி வைக்காதீர்கள், இரண்டும் தனித்தனித் தடத்தில் போகட்டும்.

13. கைக்காசு எவ்வளவு ஆனது

ஜெராக்ஸும் படப் பிரதியும் 640 ரூபாய். ஸ்டாம்பு, தபால் 210. காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் பஸ், பெட்ரோல் சேர்த்து நாலாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். சர்வேயர் அளவீட்டுக்குக் கருவூலத்தில் கட்டிய கட்டணம் தனி, ரசீதை வைத்திருங்கள். கவர் எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு இடத்தில் எதிர்பார்த்தார்கள், ஒரு இடத்தில் அதனால் மூன்று வாரம் தாமதமானது. அந்த மூன்று வாரத்தில் மழை வந்துவிடுமோ என்று தினமும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஐப்பசியில்தான் வந்தது, முதல் மழைக்குக் குழாய்ப் பாலத்துக்கு அடியில் செம்மண் தண்ணீர் போனதை அம்மா கரைமேல் நின்று பார்த்துவிட்டு, கலிங்கில் ஒரு கல் சரியாக உட்காரவில்லை என்று சொன்னார். அதற்கு நவம்பர் 1 கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறோம்.